ஈரம் என்பது 17 மட்டும் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். கம்மாபுரம் பக்கத்தில் மழையில் நனைந்து முளைவிட்ட நெல் மூட்டைகள். அதற்குக் கீழே என் மாணவன் ஒருவன் எழுதினான்: “சார், 17 சதவீதம்னா 17தான். ஈரமா இருந்தா திருப்பித்தான் அனுப்புவாங்க. காயவெச்சுக் கொண்டுவர வேண்டியதுதானே? இதுல சென்டிமென்ட் எதுக்கு?” பலர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அவர்களில் சிலர் என்னைப் பெரியப்பா, மாமா என்று கூப்பிடுகிறவர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி, நீ கணக்கில் கெட்டிக்காரன். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

17 என்ற வரம்பில் நியாயம் இருக்கிறது. ஈரம் அதிகமான நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். அந்த அரிசி ரேஷன் கடை வழியாக ஏழை வீட்டுப் பானைக்குத்தான் போகும். அதனால் ஈரப்பதமானியை நான் குறை சொல்லவில்லை. காயவைக்கும் வேலையும் நஷ்டமும் யார் தலையில் என்பதுதான் என் கேள்வி.

40 கிலோ சிப்பம் ஒன்றை 22 சதவீத ஈரத்திலிருந்து 17க்குக் காயவைத்தால் எடை ஏறக்குறைய 37.6 கிலோவுக்கு இறங்கும். போனது தண்ணீர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெல்லைக் கொட்டி, பரப்பி, கிளறி, அள்ளி, மறுபடி சாக்கில் பிடிக்கிற கூலி தண்ணீரோடு போவதில்லை. அது விவசாயி பையிலிருந்து போகிறது.

“அந்தக் காலத்தில் காயவைத்துத்தானே கொண்டு வந்தார்கள்?” என்று கேட்பாய். அந்தக் காலத்தில் கையால் அறுத்தார்கள். அரி வயலிலேயே கிடந்து காயும். பிறகு கட்டிக் களத்துக்குக் கொண்டு வந்து அடிப்பார்கள். இன்று அறுக்க ஆள் கிடைக்காமல் இயந்திரத்தை விடுகிறோம். காலையில் பயிராக நின்றது மத்தியானம் நெல்லாக டிராக்டரில் ஏறிவிடுகிறது. ஈரத்தோடு வராமல் எப்படி வரும்? களமும் இல்லை. பொதுக்களம் இருந்த இடத்தில் கட்டடம் நிற்கிறது. தார்ச்சாலைதான் களம். அதில் நெல்லைக் காயவைத்தால் காரில் போகிறவர் ஹாரன் அடித்துத் திட்டுகிறார். அந்தக் காரில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஒன்றரை ஏக்கர் சம்பா வைத்தேன். தை மாதம் 60 சிப்பத்தோடு ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். கருவி 19 என்றது. அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “ஐயா, காயவெச்சுக் கொண்டாங்க” என்றான். பரப்பக் கூரையில்லை, சிமென்ட் தரையில்லை. சாலை ஓரத்தில் கொட்டினேன். இரண்டாம் நாள் ராத்திரி தூறல் விழுந்தது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் விடிய விடிய நின்றோம். காலையில் கருவி 21 காட்டியது. ‘நனைத்துச் சுமப்பது’ என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. எனக்குப் பென்ஷன் இருக்கிறது, தாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவருக்கு நகைக்கடன் இருந்தது.

இப்போது உன் “சென்டிமென்ட்” என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் இங்கிலீஷ் வாத்தியார். சொல்லை அப்படியே விடமாட்டேன்.

ஆங்கிலத்தில் ‘ஹியூமர்’ என்றால் இன்று நகைச்சுவை. இடைக்கால ஆங்கிலத்தில், சாசர் காலத்தில், அதன் பொருள் ஈரம், நீர்மம். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறும்பித்தம் என்று நான்கு நீர்மங்கள் ஓடுவதாக நம்பினார்கள். நம் வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்று சொன்னது போலத்தான். அந்த நீர்மத்தின் பெயர் பிறகு மனிதனின் சுபாவத்துக்குப் போனது. பென் ஜான்சன் 1598இல் போட்ட நாடகத்தின் தலைப்பிலேயே அந்தப் பொருளில் அச்சொல் இருக்கிறது. பிறகு கோணல் புத்தி, கடைசியில் சிரிப்பு. ஈரம் முழுக்கக் காய்ந்துவிட்டது. இன்று அந்தச் சொல்லைக் கேட்கும் வெள்ளைக்காரருக்கும் அதற்குள் தண்ணீர் இருந்தது நினைவுக்கு வராது.

நம் சொல்லைப் பார். ஈரம் என்றால் நனைவு. ஈரம் என்றால் அன்பு. திருக்குறளில் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே ஈரம் வருகிறது. உரைகாரர்கள் அங்கே அதற்கு அன்பு என்றே பொருள் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியும் “அவன் நெஞ்சுல ஈரமே இல்லடா” என்பார். நிலத்தில் ஈரமில்லாவிட்டால் விதை முளைக்காது, நெஞ்சில் ஈரமில்லாவிட்டால் உறவு முளைக்காது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தது நம் ஊர். ‘பதம்’ என்பதும் அப்படித்தான். அது சதவீதம் அல்ல, பக்குவம். சோற்றுக்குப் பதம் உண்டு, உழவுக்குப் பதம் உண்டு. நெல்லை ஒன்று வாயில் போட்டுக் கடித்து, எழும் சத்தத்தை வைத்துக் காய்ச்சல் பதம் சொல்லும் கிழவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள்.

இன்று ஈரப்பதம் என்றால் கருவியில் தெரியும் எண். ஆங்கிலச் சொல் காயப் பல நூறு வருஷம் ஆனது. நம் சொல் ஒரே தலைமுறையில், அதுவும் என் மாணவன் கையால், காய்வதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஈரத்தின் ஒரு பாதியைக் கருவி அளக்கும். மறுபாதியை மனிதன்தான் அளக்க வேண்டும். அதைச் சென்டிமென்ட் என்று தள்ளாதே. அது அந்தச் சொல்லின் பொருளிலேயே இருக்கிறது.

“விதி விதிதானே” என்கிறாய். மழை பெய்தால் விதி தளர்கிறதே! 2023 பிப்ரவரியில் டெல்டாவில் மழை பெய்தபோது மாநிலம் 22 கேட்டது, 20 வரை கிடைத்தது. 2025 அக்டோபரிலும் 22 கேட்டார்கள். மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன. கடிதம் போய், குழு வந்து, அறிக்கை எழுதி, ஆணை வருவதற்குள் சாக்கிலிருக்கும் நெல் முளைவிட்டுவிடும். ஒவ்வொரு முறையும் ஆளாளுக்கு வருத்தம் தெரிவிக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

நான் கேட்பது சலுகை இல்லை. நிலையத்துக்கு ஒரு கூரை, ஒரு சிமென்ட் களம், பல நிலையங்களுக்குப் பொதுவாக ஒரு உலர்த்தும் இயந்திரம். வடகிழக்குப் பருவமழை நேற்று வந்த விருந்தாளியா? அது வரும் மாதம் தெரியும், அறுவடை மாதமும் தெரியும். தெரிந்தும் திறந்த வெளியில் எடைபோட்டுவிட்டு “உன் நெல் ஈரம்” என்று சொல்வது ஈரத்துணியைப் போட்டுக் கழுத்தை அறுப்பதுதான்.

தம்பி, உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. உன் அப்பா எந்த வருஷம் நெல்லைத் திருப்பிக் கொண்டு வந்து உனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடன் வாங்கினார் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, அவர் சொல்லியிருக்க மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு அவரிடமே கேள். அதற்குப் பிறகும் 17தான் என்று தோன்றினால் வந்து எழுது. நான் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் சார், கம்மாபுரம்