ரத்த தானம் செய்தவரின் இரும்புக் கணக்கு

ரத்த தானம் செய்தவர் படுக்கையினின்றும் எழுந்தவுடன் அவருக்கு ஒரு குவளைப் பழரசமும், இரண்டு பிஸ்கட்டுகளும், ஒரு நற்சான்றிதழும் வழங்கப்படுகின்றன. கால்மணி நேரம் அமர்ந்திருக்குமாறு கூறுகின்றனர். பின்னர் அவர் வீடு திரும்புகிறார். முகாம் நடத்துவோரின் கணக்கில் அவருடைய பங்கு அத்துடன் முடிவுற்றது. அவருடைய உடலைப் பொறுத்த வரையில் வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. அது முடியப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைக்காலத்தில் அவர் எதை உண்ண வேண்டும், எந்த மருந்தை உட்கொள்ளலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லுவார் அரியர். இக்குறை நீங்க வேண்டும் என்பதும், முகாமிலேயே இரும்புச் சத்து மாத்திரைகள் அளிக்கப்பட வேண்டும் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் முகாமுக்கு ஆட்களைத் திரட்டுவோரும், பின்னர் அவர்களைத் தெருவில் சந்திப்போரும் அவர்களே.

நீரின் கணக்கு எளிதானது. வயது வந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உண்டு. நம் நாட்டு விதிகளின்படி 45 கிலோ எடை உள்ளவரிடமிருந்து 350 மி.லி.யும், 55 கிலோவுக்கு மேற்பட்டவரிடமிருந்து 450 மி.லி.யும் எடுக்கலாம். இது மொத்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடுத்த சில மணி நேரத்திற்குள்ளாகவே திசுக்களில் உள்ள நீர் ரத்தக் குழாய்களுக்குள் கசிந்து வருகிறது. சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சேமிக்கின்றன. ஓரிரு நாட்களில் ரத்தத்தின் கன அளவு பழைய நிலையை அடைந்துவிடுகிறது. அதுவரையில் நிறைய நீர் பருகுவதும், திடீரென எழுந்து நிற்காதிருப்பதும், அன்று ஏணி ஏறுதல், பளு தூக்குதல், கனரக வண்டி ஓட்டுதல் ஆகியவற்றை விலக்குவதும் போதுமானவை. மது அருந்துதல் அன்று கூடாது. அது நீரை வெளியேற்றி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, மயக்கத்தை வருவிக்கும்.

‘இருபத்து நான்கு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று முகாம்களில் ஒலிபெருக்கி மூலம் சொல்லப்படுவது இந்த நீரைப் பற்றிய மட்டில் உண்மை. சிவப்பு அணுக்களுக்கு அது பொருந்தாது. நீர் நிரம்பியதால் எஞ்சிய அணுக்கள் நீர்த்துப் போகின்றன. ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் குறைகிறது. திசுக்களுக்குப் பிராணவாயு குறைந்து செல்வதைச் சிறுநீரகம் உணர்ந்து, எரித்ரோபோயட்டின் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அந்த ஆணையைப் பெற்று எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உருவாக்கத் தொடங்குகிறது. நான்கு முதல் ஆறு வாரங்களில் ஹீமோகுளோபின் பழைய அளவை எட்டலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மஜ்ஜைக்கு வேண்டிய இரும்பு உடலில் இருத்தல் வேண்டும்.

இங்கேதான் கணக்கு கடினமாகிறது. ஒவ்வொரு கிராம் ஹீமோகுளோபினிலும் சுமார் 3.4 மி.கி. இரும்பு அடங்கியிருக்கிறது. ஹீமோகுளோபின் 14 கிராம் உள்ள ஆடவர் ஒருவர் 450 மி.லி. கொடுத்தால் ஏறக்குறைய 210 மி.கி. இரும்பு அவரை விட்டு நீங்குகிறது. 12.5 கிராம் உள்ள பெண்மணி 350 மி.லி. கொடுத்தால் ஏறக்குறைய 150 மி.கி. நீங்குகிறது. குடலோ ஒரு நாளில் 1 முதல் 2 மி.கி. வரையில்தான் இரும்பை உறிஞ்சுகிறது. அதிலும் பெரும் பகுதி அன்றாட இழப்பை ஈடு செய்யவே செலவாகிவிடுகிறது. தானத்திற்குப் பின் உடல் சற்று அதிகமாக உறிஞ்சக் கற்றுக்கொள்ளும் என்பது மெய்யே. எனினும் நாள் ஒன்றுக்கு 1 மி.கி. மிச்சம் பிடித்தால் 210 மி.கி.யைச் சேர்க்க ஏழு மாதம் வேண்டும் என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிட்டுவிடுவான்.

சேமிப்பு உள்ளவர் அதிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம். வளமான உணவு உண்ணும் ஆடவரின் உடலில் 1,000 மி.கி. வரையில் இரும்புச் சேமிப்பு இருக்கக்கூடும். மாதவிலக்கு நிற்காத பெண்களிடம் அது சுமார் 300 மி.கி. மாத்திரமே, பலரிடம் சேமிப்பென்று ஒன்றுமே இராது. முகாமில் விரல் நுனியில் ஊசி குத்திப் பார்ப்பது ஹீமோகுளோபினை, சேமிப்பை அன்று. கையில் உள்ள பணத்தை எண்ணிவிட்டு, களஞ்சியத்தில் நெல் உளதா என்று பாராமல் விடுவதைப் போன்றது இது. 12.5 கிராம் என்ற வரம்பைத் தாண்டியவர், களஞ்சியம் காலியான நிலையிலும் தாண்டியிருக்கலாம்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 500 மி.லி. ரத்தம் கொடுத்தவர்களுள் ஒரு சாராருக்கு நாள்தோறும் 37.5 மி.கி. இரும்பு அளிக்கப்பட்டது, மற்றவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அளிக்கப்படாதவர்களுள் மூன்றில் இரு பங்கினர் 168 நாட்கள் கழிந்தும் தம் இரும்புச் சேமிப்பை மீட்கவில்லை. சேமிப்புக் குறைவாக இருந்தவர்களைத் தனியே நோக்கினால் வேற்றுமை இன்னும் தெளிவாகும்: இழந்த ஹீமோகுளோபினில் ஐந்தில் நான்கு பங்கை மீட்க, இரும்பு உட்கொண்டோருக்கு நடு அளவாக 32 நாட்கள் ஆயின, உட்கொள்ளாதோருக்கு 158 நாட்கள் ஆயின. 2017இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று 45,000க்கு மேற்பட்ட கொடையாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. குறுகிய இடைவெளியில் கொடுத்தவர்கள் அதிக ரத்தம் கொடுத்தார்கள். கூடவே களைப்பு, மூச்சுத் திணறல், படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றையும் அதிகமாகத் தெரிவித்தார்கள்.

இந்திய விதிகள் இவ்வகையில் நிதானமானவை. அமெரிக்காவில் 56 நாட்களுக்கு ஒரு முறை கொடுக்கலாம். இங்கு ஆடவர் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் காத்திருத்தல் வேண்டும். ஆனால் காத்திருப்பதனால் மாத்திரம் இரும்பு சேர்ந்துவிடாது. உள்ளே வரவு இருந்தால்தான் சேரும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினரும், ஆடவரில் 25 சதவிகிதத்தினரும் சோகை உடையவர்கள். இத்தகைய மக்கள் தொகையிலிருந்துதான் கொடையாளர் வருகின்றனர்.

இதைப் பகிரங்கமாகச் சொன்னால் மக்கள் அஞ்சி முகாமுக்கு வரமாட்டார்கள் என்பது அமைப்பாளர்கள் கூறும் ஆட்சேபம். இது ஏற்கத்தக்கதன்று. பணம் பெற்று ரத்தம் கொடுக்கும் வழக்கம் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. அன்று முதல் நம் ரத்த வங்கிகள், நோயாளிகளின் உறவினரையும், தாமே முன்வந்து மறுபடியும் மறுபடியும் கொடுப்போரையும் நம்பியே நடைபெறுகின்றன. முதல் முறை கொடுத்து, நான்கு மாதங்கள் கழித்து ஆவலோடு வந்து, ‘ரத்தம் போதாது’ என்று திருப்பி அனுப்பப்படும் இளம்பெண் மூன்றாம் முறை வருவாள் என்று எதிர்பார்க்க இயலாது. அவளை இழப்பது உண்மையைச் சொன்னதனால் அன்று, சொல்லாமல் விட்டதனால்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கு இரண்டு சொற்களைப் பற்றிக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. இப்படித் திருப்பி அனுப்புவதை ஆங்கிலச் சுற்றறிக்கைகள் ‘டெஃபரல்’ என்கின்றன. அதன் பொருள் தள்ளி வைத்தல். தமிழ்ப் படிவங்களில் அது ‘நிராகரிப்பு’ என்றோ ‘தகுதியின்மை’ என்றோ உருமாறினால், படிப்பவர் மனம் புண்படும். ‘ஒத்திவைப்பு’ என்பதே சரியான சொல். மற்றொன்று ‘டிரக்ஸ்’ என்பது. ஆங்கிலத்தில் அது மருந்தையும் குறிக்கும், போதைப் பொருளையும் குறிக்கும். தமிழில் போதைப் பொருள் என்று மாத்திரம் எழுதிவிட்டால், ‘அது நமக்கில்லை’ என்று கொடையாளி அடுத்த வரிக்குப் போய்விடுவார். தாம் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. ஊசி மூலம் போதைப் பொருள் ஏற்றிக்கொள்பவர் ரத்தம் கொடுக்கவே கூடாது என்பது வேறு விஷயம்.

உணவே போதாதா என்று கேட்பவர் உண்டு. கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள் நல்லவையே. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பில் சிறு பங்கையே குடல் ஏற்கிறது. உணவோடு தேநீர் பருகினால் அதுவும் குறைகிறது. ஆகவே மாத்திரை தேவைப்படுகிறது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அடிக்கடி கொடுப்போருக்கு நாள்தோறும் 18 முதல் 38 மி.கி. இரும்பை 60 நாட்களுக்குப் பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் இரும்பு மாத்திரை அரிய பொருளன்று. 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின் கீழ், 60 மி.கி. இரும்பும் போலிக் அமிலமும் அடங்கிய நீல மாத்திரையை வாரந்தோறும் மாணவர்களுக்கு வழங்குபவர் ஆசிரியரே; சிவப்பு மாத்திரையைப் பெண்களுக்கு வீடு தேடிக் கொடுப்பவர் கள ஊழியரே. அந்த இருப்பிலிருந்து எடுத்துக் கொடையாளிக்குக் கொடுத்துவிடலாகாது. அது வேறு கணக்கு, அளவும் வேறு. ஆனால் அதே முறையில் முகாம் மருத்துவர் சீட்டெழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் பிஸ்கட்டோடு சேர்ந்து வழங்கப்படுவதற்கு என்ன தடை? நற்சான்றிதழ் அச்சிடும் செலவை விட இது அதிகமாகும் என்று நான் நினைக்கவில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பானத்தோடு உட்கொண்டால் நன்கு சேரும். தேநீர், காப்பி, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, அமிலத்தைத் தணிக்கும் மருந்து ஆகியவற்றிற்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வயிறு எரிந்தால் உணவுக்குப் பின் உண்ணலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டாலும் பயன் குன்றுவதில்லை என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. மலம் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்சி நிறுத்துவோர் மிகப் பலர் ஆதலின் முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும். தாலசீமியா முதலிய ரத்த நோய் குடும்பத்தில் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இரும்பை உட்கொள்ளலாகாது. ஆடவர் ஒருவருக்கு ஹீமோகுளோபின் காரணமின்றிக் குறைந்திருந்தால், மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், கொக்கிப் புழுவோ, குடலில் ரத்தக் கசிவோ உளதா என்று பார்க்க வேண்டும்.

ஏனைய மருந்துகளைப் பற்றிச் சில சொற்கள். ஊசி குத்திய கையில் வலி இருப்பின் பாரஸிட்டமால் போதும். வலிக்காக ஆஸ்பிரினை நாடினால் கன்றிப் போன இடம் மேலும் பரவலாம். இதய நோய்க்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் உண்பவர் அதைத் தாமாக நிறுத்தலாகாது. ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் அன்றைக்கும் உண்ண வேண்டியதே. ஆனால் எழும்போது நிதானம் தேவை. நீரிழிவுக்கு மாத்திரை உண்போர் ரத்தம் கொடுக்க நேர்ந்தால், அடுத்த சில மாதங்களில் எடுக்கப்படும் ‘மூன்று மாதச் சராசரி’ச் சர்க்கரைப் பரிசோதனை உள்ளதை விடக் குறைவாகக் காட்டக்கூடும். அந்தப் பரிசோதனை ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. புதிதாகப் பிறந்த அணுக்களில் சர்க்கரை ஒட்ட நேரம் இருந்திராது. ‘சர்க்கரை குறைந்துவிட்டது’ என்று மகிழ்ந்து மாத்திரையைக் குறைத்துக்கொள்வோர் உண்டு. தானம் செய்த தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் இந்த ஏமாற்றம் நேராது.

கடைசியாக ஒன்று. தானம் செய்த சில நாட்களுக்குள் காய்ச்சல் கண்டு மருந்து உண்ண நேர்ந்தாலோ, முன்னரே உண்டு வந்த மருந்து ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாலோ, ரத்த வங்கிக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அந்தப் பை இன்னும் எவருக்கும் ஏற்றப்படாமல் இருக்கலாம். ஆகவே அட்டையில் எழுதியிருக்கும் தொலைபேசி எண்ணைக் கொடையாளி படித்துப் பார்த்தாரா என்பதை, முகாமை விட்டு அவர் வெளியேறும் முன்னர் யாரேனும் ஒருவர் கேட்டுவிட வேண்டும்.