வாய்தா வாங்கும் கதைகள்

சிற்றிதழ் வட்டங்களில் வழக்கறிஞர்களுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. ஆனால் கவிதைகளோடு வந்த இளைஞர்கள் பலர், நாற்பது வயதில் நல்ல வாசகர்களாக மட்டுமே எஞ்சுகிறார்கள். கேட்டால், நேரமில்லை என்கிறார்கள். இதை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் கூட நேரமில்லைதான். அவர்களில் பலர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வழக்கறிஞரின் இடர் வேறு. அவர் கையாளும் பண்டமே கதை. பாகப்பிரிவினைக்கு வரும் கட்சிக்காரர் அண்ணி சொன்ன ஒரு சொல்லில் தொடங்கி, தாய் இறந்த அன்று பூட்டப்பட்ட அறை, கிணற்றடித் தென்னை என்று சொல்லிக்கொண்டே போவார். வழக்குரைக்கு வேண்டியவை சர்வே எண், நான்கெல்லை, வழக்குமூலம் எழுந்த தேதி ஆகியவையே. மற்றதெல்லாம் கழிவு. எழுத்தாளன் எதைப் பொறுக்கியெடுப்பானோ, அதையே நாள்தோறும் வெட்டியெறிவதுதான் இத்தொழிலின் பயிற்சி. குறுக்கு விசாரணையிலோ, ஆம், இல்லை என்பதற்கு மேல் பேசும் சாட்சி தொல்லை. பல்லாண்டுகள் இவ்வாறு பழக்கப்பட்ட செவி, இரவில் எழுத அமரும்போது உடன்வர மறுக்கிறது.

இதோடு மொழியும் சேர்கிறது. கீழமை நீதிமன்றத்தில் தமிழில் அழுத சாட்சி, மேல்முறையீட்டில் ஆங்கிலப் பத்தியாகிவிடுகிறார். அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் மொழி பொதுவாக ஆங்கிலமே. பிழைப்பின் நெருக்கடியும் சிறிதன்று. ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தர வேண்டுமென்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததே, அதுவரை இருந்த நிலைக்குச் சான்று.

விலகிச் சென்றோர் உண்டு. வழக்கறிஞராயிருந்த எஸ். வையாபுரிப்பிள்ளை 1926-இல் தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியரானார். ந. பிச்சமூர்த்தியும் வக்கீல் தொழிலை விட்டுக் கோயில் நிர்வாக அதிகாரியானார். எனினும் எல்லோருக்கும் விலகல் வாய்ப்பதில்லை. நாம் நினைத்துப் பார்க்க வேண்டியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்துகொண்டே 1859-இல் 'நீதிநூல்' வெளியிட்டார். 1862-இல் ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தார். பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1879-இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. நீதிமன்றத்தின் மொழியைத் தம் மக்களின் மொழியாக்க அவர் உழைத்த உழைப்பு அந்த உரைநடைக்கு உரமாகியிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்க வேண்டுமே என்பார்கள். நியாயமான மறுப்பு இது. ஆனால் இரகசியம் பெயரிலும் ஊரிலும் வழக்கு விவரத்திலும் இருக்கிறது. பூட்டிய அறையின் முன் நிற்கும் மகனின் மௌனம் எவருடைய இரகசியமும் அன்று. அதை வேறோர் ஊருக்கும் வேறொரு குடும்பத்துக்கும் மாற்றி எழுத முடியாதவருக்குப் புனைவு எதற்கு?

ஆகவே, தொழிலை விட்டுவிடுங்கள் என்று நம் வழக்கறிஞர் நண்பர்களிடம் நாம் சொல்லப்போவதில்லை. வழக்குரையில் இடம்பெறாது போனவற்றுக்குத் தனியே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். அன்றன்று கழித்ததை அன்றன்றே தமிழில் எழுதிவையுங்கள். ஓய்வுக்குப் பின் எழுதலாம் என்று வாய்தா வாங்கிக்கொண்டே போனால், அப்போது நேரம் இருக்கும்; தென்னை நின்றது கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிருக்கும்.