பொங்கினால் போதுமா?

நம்ம ஊர் சோடாவைக் கொன்றது வெளிநாட்டுக் கோலா என்று பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வழக்கு. அந்த மீதிப் பாதி நம் கடை வாசலில், சித்திரை வெயிலில், பெட்டியோடு காய்ந்துகொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வாரம் இரண்டு முறையாவது பஸ்ஸில் போய் வருகிறேன். இறங்கியதும் ஒரு சோடா. எந்தக் கடையிலும் ஒரே வசனம்தான்: "சார், இன்னிக்கு கேஸ் தூக்கல். எப்படிப் பொங்குது பாருங்க!" பாதி சோடா மேஜை மேல் போகும். என் டம்ளருக்கு வந்து சேருவது வெறும் தண்ணீர்.

ஐயா, பொங்குகிற கேஸ் போகிற கேஸ். நாக்கில் சுருக்கென்று ஏற வேண்டியது காற்றில் கலக்கிறது. நஷ்டத்தைக் காட்டி லாபம் என்று சொல்கிறோம், நாமும் கைதட்டுகிறோம்.

இந்தச் சோடாவுக்கே பூர்வீகம் பீர்த் தொட்டிதான். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மதுவடிசாலையில் நொதிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்து, அங்கிருந்து வந்த வாயுவை அதில் ஏற்றினார். 1803இல் வில்லியம் ஹென்றி, அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் கூடும் என்று விதி சொன்னார். நம் ஆட்கள் அழுத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வெப்பத்தை மறந்துவிட்டார்கள். பெங்களூரில் பீப்பாயிலிருந்து பீர் இறக்குகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். குழாய் சூடானால் கிளாஸ் முழுக்க நுரை.

கணக்கைப் பாருங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவை விழுங்கும். 20 டிகிரியில் 0.9 லிட்டர்தான். 30 டிகிரியில் ஏறத்தாழ 0.66. ஒரு லிட்டரில் நாலு லிட்டர் வாயுவைக் கரைக்க, 5 டிகிரி தண்ணீருக்குச் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு அழுத்தம் போதும். 30 டிகிரி தண்ணீருக்கு 70க்கும் மேல் வேண்டும். "கேஸ் பத்தலை" என்றதும் சிலிண்டரைத் திருகுகிறவர் இதை யோசிப்பதில்லை. பழைய கண்ணாடி பாட்டிலை அந்த அழுத்தத்தில் நிரப்பும் தொழிலாளியின் கண்ணும் கையும்தான் அங்கே பணயம். குளிரவைத்து அடைத்த பாட்டிலையும் கடைக்காரர் வெயிலில் வைத்தால், உள்ளே அழுத்தம் அதே இடத்துக்கு ஏறிவிடும்.

சூடு மட்டும் காரணம் இல்லை. தண்ணீரில் சாதாரணக் காற்று கலந்திருந்தால் திறந்ததும் சீறும். கழுவாத பாட்டிலின் தூசும் கீறலும் குமிழிக்கு வித்து. மொபெட்டில் குலுக்கிக் கொண்டுவந்ததை உடனே திறந்தாலும் அதே கதிதான். கோலி சோடாவில், 1872இல் ஹிராம் காட் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டிலில், கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் வாயுதான். வளையம் தேய்ந்தால் சத்தமில்லாமல் கசியும். அதற்கு சிலிண்டரைத் திருகி என்ன பயன்? உப்பு சோடாவில் கடைசியாக உப்பைத் தூவுகிறார்களே, அது பொங்கவைத்துக் கேஸை விரட்டும் வேலை. எலுமிச்சைச் சாற்றில் முதலில் உப்பைக் கரைத்துவிட்டு, சோடாவை டம்ளரின் ஓரமாக ஊற்றினால் என்ன?

"ஐஸுக்கும் கரண்ட்டுக்கும் யார் காசு கொடுப்பது?" என்பார்கள். நியாயமான கேள்வி. சோடா கம்பெனி தண்ணீரைக் குளிரவைக்காமல் முடியாது. அது தொழிலின் முதல். கடைக்காரருக்கு நிழலும் ஈரச் சாக்கும் போதும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படி என்று நம் பாட்டிகளுக்கே தெரியும். ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் கூடும்போது, நாலு சாக்கை நனைத்துப் போடுவது பெரிய முதலீடா?

பக்கத்து விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளி மார்க் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. பொவண்டோ கேட்டு வாங்குகிற ஆட்கள் இன்றும் உண்டு. 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, நம் சிறு கம்பெனிகளுக்கு ஒரு கதவு திறந்தது. ஊர்ப்பற்றால் ஒருவன் ஒரு பாட்டில் வாங்குவான். வெதுவெதுப்பாய், சப்பென்று இருந்தால் மறுநாள் வரமாட்டான். அவனைத் திட்டி என்ன செய்ய?

அடுத்த முறை கடைக்காரர் நுரையைக் காட்டிப் பெருமைப்பட்டால் தலையாட்டாதீர்கள். "அண்ணாச்சி, நிழல்ல இருக்கிற பாட்டில் ஒண்ணு கொடுங்க, மெதுவாத் திறங்க" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர் பெட்டியை உள்ளே நகர்த்துவார்.