டயலில் எழுதிய பெயர்

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் வீட்டு பீரோவில் ஓடாத கைக்கடிகாரம் ஒன்றாவது கிடக்கும். எச்எம்டியாக இருக்கும், இல்லாவிட்டால் டைட்டன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டதாகவோ, முதல் சம்பளத்தில் வாங்கியதாகவோ இருக்கும். சில வருடங்களாக இந்தக் கடிகாரங்களுக்குப் புது மவுசு. இளைஞர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள், பிரிக்கிறார்கள். நல்ல பாகங்களை எடுத்து, குறைகிற பாகங்களைப் புதிதாக வாங்கிச் சேர்த்து, பழைய பாணிக் கடிகாரமாகக் கோக்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதி கைக்கு அழகாகப் போய்ச் சேர்கிறது, ஒரு பகுதி விற்பனைக்குப் போகிறது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே பதில்கள்தான் கேட்கின்றன. “எல்லாம் டூப்ளிகேட்” என்பார்கள் சிலர். “ரிப்பேர்தானே, இதில் என்ன தப்பு?” என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே பாதி உண்மை. நல்ல தொழில் எங்கே முடிகிறது, ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் விற்பவரும் மாட்டிக்கொள்கிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார்.

இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எச்எம்டி தன் கடிகாரத் தொழிற்சாலையைப் பெங்களூரில் அமைத்தது. அங்கே தயாரான முதல் தொகுதிக் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கியது டைட்டன். அதன் தொழிற்சாலை வந்த ஓசூர் அன்று தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். ஆக, முதல் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் டைட்டன் கடிகாரம் தர்மபுரி மாவட்டத்துப் பொருள். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, நுண்ணிய வேலையில் பழக்கிய தொழிற்சாலை அது. கடிகார வேலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று சொல்லவே இவ்வளவும்.

எச்எம்டி ஜனதாவும் பைலட்டும் சாவி கொடுத்து ஓடுபவை. பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது 0231 என்ற எண் கொண்ட மெஷின். பதினேழு கற்கள், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. சிட்டிசனின் வடிவமைப்பில் பிறந்தது. ஒரே மெஷின் பல மாடல்களில் போனதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். மெயின் ஸ்பிரிங் அறுந்தால், பேலன்ஸ் உடைந்தால், உடைந்த இன்னொரு கடிகாரத்திலிருந்து எடுத்துப் போடலாம். ரிப்பேர் கடைக்காரர்கள் டப்பா டப்பாவாகப் பழைய மெஷின்களைச் சேர்த்து வைத்திருப்பது இதற்காகத்தான். 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிறகு அந்த டப்பாக்களின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

டைட்டனின் கதை வேறு. அது தொடக்கத்திலேயே குவார்ட்ஸை நம்பி இறங்கிய நிறுவனம். செல்லின் மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிரும், அதை எண்ணி முள்ளை நகர்த்தும் ஒரு சிறு சில்லு. நேரம் தவறாது, ஆனால் மெஷின் கெட்டால் ரிப்பேர் செய்வதை விட மாற்றுவது மலிவு. பழைய டைட்டனைக் கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மியோட்டா 2035 போன்ற சாதாரண ஜப்பானிய மெஷினைப் போட்டுக் கொடுப்பார்கள். டயலின் பின்பக்கம் மெஷினில் செருகி நிற்க இரண்டு கால்கள் உண்டு. புது மெஷினில் அந்தத் துளைகள் வேறு இடத்தில் இருந்தால் கால்களை வெட்டிவிட்டு ஒட்டிவிடுவதும் நடக்கும். இப்படி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஓடும் டைட்டன்கள் நம் ஊரில் ஏராளம். அப்பாவின் கடிகாரத்தை ஓட வைத்தால் போதும் என்று வந்தவருக்கு அது நியாயமான வேலைதான். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அவரையும் யாரும் ஏமாற்றவில்லை. அதே கடிகாரத்தைப் பத்து வருடம் கழித்து இன்னொருவர் “முதல் வருடத்து டைட்டன், கைபடாதது” என்று சொல்லி விற்றால் அது பொய். கடிகாரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. மாறியது சொன்ன சொல்.

பாகம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து மட்டும் ஒரு கடிகாரத்தை நல்லது, போலி என்று தீர்த்துவிட முடியாது. பழைய புல்லட்டுக்குப் புது சைலன்சர் போட்டவரை யாரும் மோசக்காரர் என்பதில்லை. கடிகாரத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: டயலில் யாருடைய பெயர் இருக்கிறது, கைமாறும்போது விற்பவர் என்ன சொல்கிறார்.

டயலுக்கு ஏன் இத்தனை முக்கியம்? சேகரிப்பாளர்களின் சந்தையில் விலை முதலில் டயலில் இருக்கிறது, மெஷின் அதற்குப் பிறகுதான். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. சாதாரண டேடோனாவிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவை அதன் அபூர்வ டயலும், அது அவர் கையில் இருந்தது என்ற சான்றும். விலை டயலில் இருக்கும்போது பொய்யும் அங்கேதான் குடியேறும். சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று அழைக்கும் கடிகாரங்கள் இப்படித்தான் உருவாகின்றன. தேய்ந்த எச்எம்டி, சீகோ, ஃபேவர் லூபா டயல்களைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் நீலமோ ஆரஞ்சோ அடித்து, பெயரையும் திரும்ப அச்சடித்து, ஏதோ ஒரு கேஸில் ஏதோ ஒரு முள்ளோடு அடைத்து, “அரிய விண்டேஜ்” என்று உலகம் முழுவதும் விற்கிறார்கள். உள்ளே மெஷின் உண்மையான எச்எம்டியாகவே இருக்கலாம். ஆனால் அந்த நிறத்தில் அந்த நிறுவனம் ஒருபோதும் டயல் செய்ததில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சீகோ குழுமத்தின் என்ஹெச்35 போன்ற புது ஆட்டோமேட்டிக் மெஷினை வாங்கி, அதைச் சுற்றி அறுபதுகளின் நீச்சல் கடிகாரம் போல ஒன்றைக் கட்டுபவர்கள். வேலை எளிதாகத் தோன்றும், எளிதில்லை. 28.5 மில்லிமீட்டர் டயல் வேண்டும், அதன் கால்கள் மெஷினின் துளையில் உட்கார வேண்டும். மணி முள்ளின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, நொடி முள்ளுக்கு 0.2. அந்த 0.2 மில்லிமீட்டர் துளையை அதன் அச்சில் கை நடுங்காமல் அமர்த்த வேண்டும். மூன்று முள்ளும் ஒன்றை ஒன்று உரசக் கூடாது, கண்ணாடியையும் தொடக் கூடாது. சாவித் தண்டை வெட்டும்போது மயிரிழை கூடிப்போனால் சாவி வெளியே துருத்தி நிற்கும், குறைந்துபோனால் அந்தத் தண்டு வீண். டயலில் ஒரு தூசி விழுந்தால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். பொறுமையும் கைத்திறனும் கேட்கிற வேலை. இதைச் செய்யத் தெரிந்த ஒரு பையன் நம் ஊரில் இருந்தால் அவனைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அவன் கட்டியதில் ரோலெக்ஸ் என்றோ, ஒமேகா என்றோ எழுதிய டயலை வைத்த கணத்தில் விஷயம் மாறிவிடுகிறது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கடிகாரத்தின் உருவம் வேறு, பெயர் வேறு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவான ஒரு வடிவத்துக்குப் பாதுகாப்பு முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. அவ்வளவுதான். உருவமே வணிகக் குறியாகப் பதிவாகியிருந்தால் தவிர, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கேஸின் வளைவைப் பின்பற்றுவதற்குத் தடையில்லை. வணிகக் குறிக்கு அப்படி முடிவு தேதி கிடையாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். தொழிற்சாலை மூடிவிட்டது என்பதால் எச்எம்டி என்ற பெயர் ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடாது.

1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம், பிரிவு 102, உரியவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய குறியை உருவாக்குவதையும், உண்மையான குறியை மாற்றியும் கூட்டியும் அழித்தும் திரிப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. அடுத்த பிரிவில் தண்டனை: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். பிரிவு 104 அப்படிப்பட்ட பொருளை விற்பவருக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெயர் போட்ட போலி டயலைத் தபாலில் வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: உரிமையாளர் பதிவு செய்து வைத்திருந்தால், 2007ஆம் ஆண்டு விதிகளின் கீழ் சுங்கத் துறை அதை நிறுத்தி வைக்க முடியும்.

அதே சட்டம் நேர்மையான தொழிலாளிக்கு இடமும் கொடுத்திருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முறையாக வாங்கிய பழைய கடிகாரத்தை மறுபடி விற்க அந்த நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை என்கிறது பிரிவு 30. இந்த மெஷினுக்குப் பொருந்தும் பாகம் இது என்று காட்ட நிறுவனத்தின் பெயரைச் சொல்வதிலும் குற்றமில்லை. “எச்எம்டி 0231க்கான மெயின் ஸ்பிரிங்” என்று எழுதி விற்கலாம். ஆனால் சந்தைக்கு வந்த பிறகு பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தால் உரிமையாளர் ஆட்சேபிக்க அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. டயலை மாற்றி வண்ணமடித்து அவர் பெயரிலேயே விற்பது இந்த இடத்தில்தான் சிக்கும்.

வாங்குபவர் பக்கம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. மறுபடி கட்டிய, புதுப்பித்த, பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை அது நேர்மையற்ற வணிகமாக வகைப்படுத்துகிறது. “கடையில் கிடந்த பழைய புதுச்சரக்கு” என்று சொல்லிக் கட்டி வைத்த கடிகாரத்தைத் தள்ளிவிடுவது இதில் அடங்கும்.

வாங்கப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும்? கேஸ் முழுக்கக் கீறலாக இருந்து டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா, நிமிடக் கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷினின் எண்ணைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ஐம்பது வயதுக் கடிகாரம் இருட்டில் பச்சையாகச் சுடர்விட்டால் அந்தப் பூச்சு புதியது. டயலில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். பலமுறை திறந்து மூடிய கேஸின் ரப்பர் வளையம் எந்த நிலையில் இருக்கிறதோ.

ஒரு விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். அறுபதுகள் வரை வந்த வெளிநாட்டுக் கடிகாரங்கள் பலவற்றில் ஒளிரும் பூச்சு ரேடியம். இப்போது அது இருட்டில் ஒளிராது. ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்பைடு செத்துப்போயிருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும். பாதியாகக் குறையவே அதற்கு 1,600 ஆண்டுகள் வேண்டும். கையில் கட்டுவதை விட ஆபத்து, டயலைச் சுரண்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை முனையை உதட்டில் கூராக்கி ரேடியம் பூசிய பெண்கள் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். பழைய டயலின் காய்ந்த பழுப்புப் பூச்சை வீட்டு மேசையில் வைத்துச் சுரண்டாதீர்கள், பிள்ளைகளையும் சுரண்ட விடாதீர்கள்.

கட்டுகிற இளைஞர்களிடம் என் கோரிக்கை இரண்டுதான். நீங்கள் கட்டும் கடிகாரத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள், அல்லது பெயரே இல்லாமல் விடுங்கள். ஓசூரில் தொடங்கியபோது டைட்டனும் யாருக்கும் தெரியாத பெயர்தான். அடுத்து, ஒவ்வொரு கடிகாரத்தோடும் ஒரு தாள் கொடுங்கள். மெஷின் எது, கேஸ் எந்தக் கடிகாரத்தினுடையது, முள்ளும் கண்ணாடியும் புதிதா பழையதா, டயல் திரும்ப அடித்ததா, எந்த மாதம் கோத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்று உங்களிடம் வாங்குபவர் உண்மை தெரிந்துதான் வாங்குகிறார். அவரிடமிருந்து வாங்கப் போகும் மூன்றாவது ஆளுக்குத்தான் அந்தத் தாள் தேவை. ரிப்பேர் கடைக்காரர்களும் மெஷின் மாற்றினால் ரசீதில் அதை எழுதி, கழற்றிய பழைய மெஷினைக் கடிகாரக்காரரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏமாந்தவர்கள் ரசீதையும் விற்றவர் அனுப்பிய படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.