பிள்ளைகள் சொந்தமா எழுதட்டும்!



சுரண்டையில் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போதே சாரலும் வந்துரும். குற்றாலத்துப் பக்கமிருந்து வர்ற காத்துல நனைஞ்சுக்கிட்டுத்தான் பிள்ளைகள் வகுப்புக்கு வருவாங்க. அதே பிள்ளைகள் ‘மழைக்காலம்’ கட்டுரையில் எழுதுவதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையை! கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினால் மார்க். தலைக்கு மேல பெய்யுற சாரலுக்கு மார்க் கிடையாது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, அட்டைகளோடு 1 முதல் 3ஆம் வகுப்பு வரை கற்பிக்கத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒண்ணு, தன் மனசில் உள்ளதை எழுதுவது இன்னொண்ணு. இரண்டாவதுக்கு வகுப்பில் நேரம் எங்கே இருக்கு? செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றவே ஆசிரியருக்குப் பொழுது போகிறது.

நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், தினமும் ஒவ்வொரு குழந்தையிடமும் “உனக்கு என்ன சொல் வேணும்?” என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அம்மா, பேய், பயம் என்று குழந்தை கேட்ட சொல்தான் பாடம். அந்த அனுபவத்தை 1963ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

நம்ம ஊரில் அப்படிக் கேட்டால் ‘பீடி’ன்னு ஒரு பிள்ளை சொல்லும். “எங்கம்மா பீடி சுத்துதா”ன்னு எழுதும். அதில் சிவப்பு மையால் ‘சுற்றுகிறார்’ என்று திருத்தினால், மறுநாள் அந்தப் பிள்ளை அம்மாவைப் பற்றி எழுதவே எழுதாது. இலக்கணம் மூணாம் வகுப்பிலோ நாலாம் வகுப்பிலோ வந்து சேரும், அவசரமில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இடைசெவல் கி.ராஜநாராயணன், கரிசல் பேச்சிலேயே எழுதித்தான் 1991ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். பேச்சு வழக்குக்கே அகராதி போட்ட மனுசன் அவர்!

பிள்ளைகளின் படைப்புக்காக 2022ல் 4, 5ஆம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ இதழ்களைப் பள்ளிக்கல்வித் துறை தொடங்கியது. அதுக்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு? வகுப்புச் சுவரில் ஒரு கயிறு கட்டி, அவர்கள் எழுதியதைத் தொங்கவிட்டாலே போதும். இதுக்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

ஆசிரியர் பணியிடத்துக்குத்தான் அரசு வேண்டும், பணம் வேண்டும். மும்மொழியைத் திணிக்கும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அது நம்ம பிள்ளைகளின் நோட்டுக்கும் பென்சிலுக்குமான காசு. அந்தச் சண்டையில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் நம் கவுன்சிலர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, காம்பவுண்டு சுவர் பற்றிப் பேசுங்க, கட்டாயம் பேசுங்க. கூடவே ஒண்ணு கேளுங்க: 2ஆம் வகுப்பில் ஒரு பிள்ளை இந்த மாசம் சொந்தமா எழுதின நாலு வரியை எங்களுக்குக் காட்டுங்க டீச்சர். அதுக்கு வாரத்தில் ஒரு பீரியடு ஒதுக்கச் சொல்லி, மினிட் புத்தகத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள்.