உழைப்பு நின்ற பிறகும் வரும் காசு



45 வயதுக்குள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் காசில் சீவிக்க முடியுமா என்று இளையவர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொழும்பில் கணினி வேலை பார்ப்பவர்கள், பருத்தித்துறைப் பக்கம் புலோலியிலோ தும்பளையிலோ வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்கள், அரச உத்தியோகம் கிடைக்காமல் தனியார் கடைகளில் நிற்பவர்கள் என்று எல்லாரிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. மூத்தவர்களுக்கு இது சோம்பல் கதையாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆசை நம் ஊருக்குப் பழசு.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர்கள் ஆங்கிலப் படிப்பை நம்பி மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். புகையிரதப் பகுதியிலும் நில அளவையிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் உழைத்தார்கள். 55 வயதளவில் திரும்பி வந்தவர்களை ஊர் ‘மலாயன் பென்சனியர்’ என்று மரியாதையோடு அழைத்தது. அவர்கள் கல்வீடு கட்டினார்கள், கோயில் திருப்பணிக்குக் கொடுத்தார்கள், வாசிகசாலைகளில் பேப்பர் படித்து உலக அரசியல் பேசினார்கள். அவர்களுடைய நிமிர்வுக்குக் காரணம் பெட்டியில் கிடந்த தொகை அல்ல. மாதம் பிறந்தால் தவறாமல் கடல் கடந்து வந்த வரவுதான். யாருடைய கையையும், பெற்ற பிள்ளையின் கையைக்கூட, அவர்கள் பார்த்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அந்தப் பாக்கியம் பெரும்பாலும் அரச ஊழியருக்கே உண்டு. மற்றவர்களுக்கு?

நம்மவர்கள் சேமிக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சீட்டுக் கட்டாத வீடு பருத்தித்துறையில் குறைவு. ஆனால் அந்தக் காசெல்லாம் எங்கே போகிறது என்று பாருங்கள். மூத்தவளின் சீதன வீடு, இளையவளின் பவுண், தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பிய கடன். 60 வயது வரும்போது எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருப்போம். தமக்கென்று ஒரு கணக்கைத் திறப்பதைத் தாய்மார் சுயநலமாகவே எண்ணுகிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

காணியையும் நகையையும் மட்டும் நாம் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. 1987 மே மாதத்து வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது ஓடியவர்களுக்கு இடுப்பில் முடிந்திருந்த பவுண்தான் கை கொடுத்தது. 2022 இல் ரூபாய் சரிந்தபோதும் பவுண் விலை ஏறியது. ஆகவே நகையை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பூட்டிக் கிடக்கும் நகை அரிசி வாங்கித் தராது. அடைவு வைத்தால் வட்டியை நாம்தான் கட்ட வேண்டும். ஐந்து அறை வீட்டில் இரண்டு கிழவர்கள் தனியே இருந்துகொண்டு மின்கட்டணத்துக்கு மகனின் காசை எதிர்பார்ப்பதை ஒவ்வொரு ஒழுங்கையிலும் காணலாம். அந்த மகனுக்குப் பிறகு, ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளை காசு அனுப்புவான் என்று எண்ணுவது நியாயமும் அல்ல.

எவ்வளவு சேர்த்தால் போதும்? 1994 இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் ஒரு கணக்கைப் போட்டார். சேர்த்த தொகையில் முதல் ஆண்டு 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனால் 30 ஆண்டுகளுக்குத் தொகை தாங்கும் என்றார். அதாவது ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும். மாதம் 80,000 ரூபாய் செலவழிக்கும் வீட்டுக்கு அது 2 கோடியே 40 இலட்சம். சிலருக்கு இதைக் கேட்டதும் மனம் சோர்ந்துவிடும். சிலர் இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்காகத்தான் கவலைப்படுகிறேன். அது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்துப் போட்ட கணக்கு. 2022 செப்டெம்பரில் நம் நாட்டின் பணவீக்கம் 73.7 சதவீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டில் 80,000 ரூபாயில் ஓடிய வீட்டுக்கு ஏறத்தாழ 139,000 தேவைப்பட்டது. குறைந்த வட்டியில் ஐந்து வருட வைப்பில் எல்லாவற்றையும் போட்டிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு வருடத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தை நெருங்கியது. கையில் காசு வைத்திருந்தவர்களுக்கு அது வாய்த்தது. பிறகு அந்த வட்டியும் இறங்கிவிட்டது. அதனால் நிலையான வைப்பை ஒரே தவணையில் போடாமல் மூன்று மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று பிரித்துப் போடுங்கள். கொஞ்சம் பவுண் இருக்கட்டும். ஐந்தாறு வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத காசு இருந்தால் மட்டும் பங்குச் சந்தைப் பக்கம் போகலாம்.

சம்பளத்துக்கு நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். 60,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மாதம் 12,000 சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தரும் 3 சதவீதம் வேறு. உங்கள் பெயரில் இவை கட்டப்படுகின்றனவா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதால், 45 இல் வேலையை விட நினைப்பவர் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வேறு காசு வைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தங்கச்சிமாரே, அந்தக் காசை மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் உழைப்பு. உங்கள் பெயரிலேயே வைப்பில் கிடக்கட்டும்.

கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்கு மாதக் கணக்கு பொருந்தாது. வாடை பெயர்ந்து கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையில் கிடக்கும். கடற்றொழிலாளருக்கென்று 1990 இல் ஓர் ஓய்வூதியச் சட்டம் வந்தது என்றாலும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பிடிபட்டதை வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிக்கும் வழக்கம் கரையில் என்றைக்கும் உண்டு. முதுமைக்கும் ஒரு சிறு பங்கை அங்கேயே, வீட்டுக்குக் காசு வந்து சேருமுன்பே, பிரித்துவிடலாம். நல்ல நாளில் கூடப் போகும், இல்லாத நாளில் ஒன்றும் போகாது.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டை நடத்தும் தாச்சியின் நாணயம்தான் அதன் முழுக் காப்பு. அவர் தலைமறைவானால் காசை மீட்பது பெரும்பாடு. ஆகவே ஒரு வருடத் தேவைக்குச் சீட்டைக் கட்டுங்கள். வாழ்நாள் காசை அதில் விடாதீர்கள். அதிக வட்டி காட்டும் நிதி நிறுவனங்களிலும் கவனம் வேண்டும். 2020 மே மாதத்தில் ‘த பினான்ஸ்’ கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தது நினைவிருக்கும். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரையில்தான். 1929 இலேயே கூட்டுறவு மாகாண வங்கியைக் கட்டியெழுப்பிய குடாநாடு இது. ஐக்கிய நாணய சங்கங்களில் தாத்தாமார் காட்டிய கண்டிப்பை, கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை, நாமும் கைக்கொள்ளலாம்.

இன்னொன்று. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதும்போது சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்து எழுதுங்கள். நொத்தாரிசிடம் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் போதும். நல்ல மருமகன் இதற்குக் கோபிக்கமாட்டார்.

அடுத்த இதழிலிருந்து வீட்டுக் கணக்குக்கென்று இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம். கடைக்காரர், தோட்டக்காரர், ஆசிரியர், தையல் வேலை செய்பவர் என எல்லாரும் நீங்கள் சேமிக்கும் முறையை எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், தொகையும் வேண்டாம். வருமானத்தில் எத்தனையில் ஒரு பங்கை உங்களுக்காக எடுத்து வைக்கிறீர்கள் என்பது மட்டும் போதும். இன்னும் தொடங்காதவர்களும் எழுதுங்கள். முதல் கணக்கை உங்களோடு சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்