யாருடைய காசில் யாருடைய குறையைக் கேட்பது?

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் ஓட்டும் தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பி.காம். முடித்து இரண்டாண்டு ஆகிறது; வேலையில்லை. கைபேசியில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாள். 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' ஆகலாமாம். லைஃப் கோச் என்கிறார்கள். பிறருடைய சிக்கல்களைக் கேட்டு, கேள்வி மேல் கேள்வி போட்டு, அவர்களை முன்னேற்றும் தொழில். வீட்டிலிருந்தபடியே மாதம் ஒரு லட்சம் வருமாம். முதல் மூன்று நாள் வகுப்பு இலவசம். மூன்றாம் நாள் இரவுதான், 'அடிப்படைத் திறன்கள்' முழுவதையும் கற்க 45,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னார்களாம்.

"குழுவில் கடன் எடுத்துக் கட்டிவிடலாமா தோழர்? பிள்ளை அழுகிறாள்" என்று கேட்கிறார்.

இதே கேள்வியைத் திருப்பூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வேறு தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். நாகை வட்டாரத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் ஏற்கெனவே கட்டிவிட்டு எழுதியிருக்கிறார். எனவே தனிக் கடிதமாக எழுதாமல் பத்திரிகையிலேயே பதில் சொல்கிறோம்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் நேர்மையாகக் கேட்போம். இந்தத் தொழிலின் அடித்தளம் என்று எதைக் கற்றுத் தருகிறார்கள்? எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசாதே. புத்திமதி சொல்லாதே. 'ஆம்', 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடாத கேள்விகளைக் கேள். பதிலை அவரே கண்டுபிடிக்கட்டும். நம்பிச் சொன்னதை வெளியே சொல்லாதே. 1995ல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு இவற்றையெல்லாம் தொகுத்து எட்டுத் திறன்கள் என்று வகுத்து வைத்திருக்கிறது. இவற்றில் ஒன்றையும் கெட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். நம் சங்க நிர்வாகிகளில் பாதிப் பேருக்கு இவை தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இந்த வித்தை பிறந்த வீட்டையும் பார்க்க வேண்டும். டிமோதி கால்வே என்ற டென்னிஸ் ஆசிரியர் 1974ல், ஆட்டக்காரனின் மனத்துக்குள் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜான் விட்மோர் என்ற இங்கிலாந்துக்காரர், பரம்பரை 'சர்' பட்டமும் கார்ப் பந்தய வெற்றிகளும் உடையவர், அந்த யோசனையைக் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனார். உன் இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறாய் என்று இன்று எல்லா வகுப்பிலும் ஓதப்படும் நான்கு படிகளைப் பரப்பியது 1992ல் வந்த அவருடைய நூல்தான். அதே 1992ல், பணக்காரர்களுக்குப் பண ஆலோசனை சொல்லி வந்த தாமஸ் லியனார்ட் என்ற அமெரிக்கர், பயிற்சியாளர்களைத் தயாரிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். டென்னிஸ் மைதானம், பந்தயக் கார், பணக்காரனின் கணக்குப் புத்தகம். அங்கே கூலி பாக்கி என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. ஆகவே பாடத்திலும் அது இல்லை.

இனித் தொழில் கணக்கு. அந்தக் கூட்டமைப்பின் முதற்படிச் சான்றிதழ் வாங்க 60 மணி நேரப் படிப்பு வேண்டும்; 100 மணி நேரம் ஆட்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்த அனுபவமும் வேண்டும். அந்த 100ல் 75 மணி நேரம் காசோ, காசுக்கு ஈடான கைம்மாறோ வாங்கிக்கொண்டு செய்ததாக இருக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் துயரத்தை நீங்கள் இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். முதல் 25 மணி நேரத்துக்குள் என்றால் போனால் போகிறதென்று சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு மேல், காசு வாங்காத காது காதே அல்ல!

கடன் வாங்கிக் கட்டத் துணியும் தோழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்ட எந்தச் சட்டமும் உரிமம் கேட்பதில்லை. 45,000 கட்டியவரும் மாட்டலாம், கட்டாதவரும் நாளைக் காலையே மாட்டலாம். பிறகு விற்பது எதை? நம்பிக்கையை. வாங்குவது யார்? வேலையில்லாப் பட்டதாரிகள். படித்து முடித்தவர்களில் பலர் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தால், 'பயிற்சியாளர் ஆவது எப்படி' என்று அடுத்த கூட்டத்துக்கு வகுப்பு எடுக்கிறார்கள்! கொங்குநாட்டுத் தோழர்கள் 2012ல் ஈமு கோழி கவிழ்ந்த கதையை மறந்திருக்க மாட்டார்கள். கறி தின்ன ஆளில்லை. முட்டை வாங்க ஆளில்லை. அடுத்து வந்து பணம் கட்டுகிறவனை நம்பியே பண்ணை ஓடியது. அவன் வராத மாதம் கவிழ்ந்தது. நல்ல எண்ணத்தோடு இந்தத் தொழிலைச் செய்கிறவர்களும் உண்டு, அவர்களை நாம் பழிக்கவில்லை. சந்தையின் போக்கைச் சொல்கிறோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் மோசடி விளம்பரம் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கையாகவே நான்கு வரி எழுதியிருப்போம். விஷயம் அதைவிடப் பெரியது. நாள் கூலிக்காரன் தன் குறையைச் சொல்ல மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க மாட்டான். அப்படியானால் அவன் குறையைக் கேட்கக் காசு கொடுக்கப் போவது யார்? முதலாளி கொடுப்பார். கொடுத்தும் இருக்கிறார்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் அருகே ஹாதார்ன் என்ற பெரிய ஆலை இருந்தது. டெலிபோன் சாதனங்கள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலை. 1927ல் அங்கே ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தையும் கூலி முறையையும் மாற்றி மாற்றி, உற்பத்தி எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். வேலைக்கிடையில் அதிகம் பேசுகிறார்கள், சொன்னபடி கேட்பதில்லை என்று 1928ல் இருவரை வெளியே எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். மனிதனை ஆராயும் விஞ்ஞானம் இப்படி ஆரம்பித்தது! பிறகு ஆலை முழுவதும் தொழிலாளர்களைப் பேட்டி காணத் தொடங்கினார்கள். 1928 முதல் 1930 வரை 21,000க்கு மேற்பட்டோரிடம் பேசினார்கள். பேட்டியாளருக்கு உத்தரவு என்ன தெரியுமா? கேள், வாதாடாதே, புத்திமதி சொல்லாதே. இன்று 45,000 ரூபாய்க்கு விற்கும் அதே பாடம்.

அந்தப் பேட்டிகளில் நடந்த ஒரு சம்பவத்தை அந்த ஆராய்ச்சியாளர்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தின் உணவு மோசம் என்று ஒரு பெண் தொழிலாளி நெடுநேரம் குமுறினாள். சில நாள் கழித்து அதே பேட்டியாளரைக் கண்டு, மேலிடத்தில் சொல்லி உடனே சாப்பாட்டைத் திருத்தியதற்கு நன்றி என்றாள். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் செய்யப்படவில்லை. அதே சமையல், அதே தட்டு. கொட்டித் தீர்த்ததில் அவள் மனம் ஆறிவிட்டது; ஆறிய மனத்துக்குச் சோறும் ருசித்தது.

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அந்தத் தொழிலாளியை நாம் ஏளனம் செய்யவில்லை. வாழ்நாளில் ஒருவரும் கேட்காத ஒருத்தியை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அந்தக் கண்ணியமான பசியைக் கம்பெனி கண்டுகொண்டதுதான் விஷயம். காதுக்குச் செலவு குறைவு. கறிகாய்க்குச் செலவு அதிகம்.

அடுத்துப் பொருளாதார மந்தம் வந்தது. ஹாதார்னில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கேட்ட காதுகள் ஒருவர் வேலையையும் காப்பாற்றவில்லை. அமெரிக்கா முழுவதும் ஆலைகளில் சங்கங்கள் தலைதூக்கிய காலத்தில், 1936ல், அதே ஆலையில் ஆலோசகர்களை நிரந்தரமாக நியமித்தார்கள். அவர்கள் இயந்திரங்களுக்கிடையே நடந்து போய்த் தொழிலாளியின் மனக்குறையைக் கேட்பார்கள். எந்தக் குறையையும் தீர்க்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அதுதான் திட்டத்தின் விதி. 1956 வரை இருபது ஆண்டு நடந்தது இந்த ஏற்பாடு. திருப்தியான பசு அதிகம் கறக்கும் என்ற தத்துவம் இது என்று கண்டுகொண்ட அமெரிக்கத் தொழிற்சங்கத்தினர், இதற்குப் 'பசு மாட்டுச் சமூகவியல்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். மாடு வளர்ப்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கைபேசி செய்யும் ஒரு பெரிய ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகி 150க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்தப் பெண்கள் யாரிடமும் போய் மனம் ஆறவில்லை. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் நின்றது. அவர்கள் செய்யும் கைபேசியைத் தன் பெயரில் விற்கும் அமெரிக்கக் கம்பெனியே வாய் திறந்து, விடுதிகளில் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஒத்ததாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. சோறும் குறை, குமுறலும் நியாயம், இரண்டிடத்திலும் ஒன்றே. ஒன்றில் கேட்ட காது கம்பெனியுடையது. மற்றதில் கேட்டவள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள்.

"அப்படியானால் தொழிலாளிக்கு மனக்கஷ்டமே இல்லையா? எல்லாம் கூலிதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டவன், குடியை விட முடியாதவன், கடன்காரன் வாசலில் நிற்கும்போது கிணற்றை எட்டிப் பார்க்கிறவள், இவர்களையெல்லாம் நாம் தினமும் பார்க்கிறோம். இவர்களுக்கு வேண்டியது வைத்தியம். அரசு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற எண்ணை அழைத்தால் காசில்லாமல் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. வெட்கப்படாமல் போங்கள், அழையுங்கள். அது நோய்க்கு மருந்து. கூலிக் குறைவு நோயல்ல. எட்டு மணி வேலைக்குப் பன்னிரண்டு மணி வாங்குவதும் நோயல்ல. நம் வட்டாரத்து ஆலை ஒன்றின் விடுதியில், ஞாயிறு காலை தூங்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து 'மனவலிமை வகுப்பு' நடத்தினார்கள். வந்திருந்த பயிற்சியாளர், "உன் முன்னேற்றத்துக்கு நீ வைத்திருக்கும் தடை என்ன?" என்று கேட்டாராம். ஒரு பெண் எழுந்து, "ஓவர்டைம் காசு வரலைங்க சார்" என்றாள். "அது வெளியே உள்ள தடை, உள்ளே உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார் அவர். கேள்வி எங்கே வளைகிறது பாருங்கள்!

கேட்கும் வித்தையும் கேள்வி போடும் வித்தையும் நம்மிடமும் உண்டு. 1943ல் கட்சி தஞ்சைக்கு அனுப்பிய தோழர் பி. சீனிவாச ராவ் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தமிழைக் கற்றுக்கொண்டு பண்ணையாட்களின் சேரியில் போய்த் தங்கினார், அவர்கள் உண்டதை உண்டார், கேட்டார். சாட்டையடியையும் சாணிப்பாலையும் விதியென்று சுமந்தவர்களிடம் நிலைமை என்ன, வழி என்ன என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. ஆனால் 'உன் வழி' என்று ஒருவனைத் தனியே பிரித்துக் கேட்கவில்லை. சேரி முழுவதும் சேர்ந்து பதில் சொல்லும்படி கேட்கப்பட்டது. 1944ல் மன்னார்குடியில் மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. இதற்கு எத்தனை மணி நேரப் படிப்பு, எத்தனை மணி நேரம் கட்டணத்தோடு?

அந்தப் பழக்கம் இன்று நம்மிடம் தேய்ந்திருக்கிறது. வாயிற்கூட்டத்தில் நாம் ஒரு மணி நேரம் பேசுகிறோம். கீழே நிற்பவர் பேச ஐந்து நிமிஷம் ஒதுக்குகிறோமா? சங்க ஆபீசுக்கு ஒரு பெண் சூபர்வைசரைப் பற்றிப் புகார் சொல்ல வந்தால், அவள் பாதி சொல்லும்போதே மனு எழுதத் தொடங்கிவிடுகிறோம். காது கிடைக்காத இடத்திலிருந்துதான் மக்கள் காசுக்காதைத் தேடிப் போகிறார்கள். விளம்பரக்காரனைத் திட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வேடசந்தூர்த் தோழரே, உங்கள் மகளுக்கு வேலை வேண்டும். கையில் எடுத்துக் கொடுக்க நம்மிடம் வேலை இல்லை. அந்தப் பொய்யை நாம் சொல்ல மாட்டோம். பிறர் துயரைக் கேட்கும் தொழிலில்தான் மனம் போகிறது என்றால், அரசுக் கல்லூரியில் உளவியலோ சமூகப் பணியோ முறையாக மேற்படிப்புப் படிக்கட்டும். சேருவதற்கான விவரத்தை விசாரித்து எழுதுகிறோம். குழுவில் கடன் எடுக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் உங்கள் பெயரை எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். ஸ்பின்னிங் பகுதிப் பெண்கள் பதினொரு பேர் ஓவர்டைம் பாக்கி பற்றிச் சொல்ல வருகிறார்கள். ஆண்களிடம் சொல்லக் கூசுகிறார்கள். அவள் கேட்டு எழுதட்டும். பி.காம். படித்த பிள்ளை, கணக்கும் போட்டுவிடுவாள். கூலி கொடுக்க நம்மிடம் காசில்லை, தேநீர் உண்டு. பத்து மணிக்கு வந்தால் நல்லது. பஸ் ஒன்பதேகாலுக்கு இருக்கிறது.